பெருமாள் என்னைத் துரத்திய சாயங்காலம்

மூன்று வருடங்களுக்கு முந்தைய மார்கழி. மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசல். விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவை அடைத்து ஒரு பெரிய கோலம் போட்டு முடித்திருந்தேன். போட்டவள் சும்மா உள்ளே போயிருக்கலாம். தள்ளி நின்று அழகு பார்க்க வேண்டாமா? கோலத்தின் மேலிருந்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தேன். எங்கள் தெருவில் வடிகால் வேலைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்று உண்டு. பால்காரர், பேப்பர்காரர் எல்லோரையும் அங்கே பார்த்துப் போகச் சொல்லி எச்சரிக்கிறவளே நான்தான். அதே பள்ளத்தில் இடது காலை விட்டேன். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே 'டப்' என்று ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது.

லிகமெண்ட் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். தொடைப் பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து முட்டிக்குள் வைத்துக் கட்டுவார்களாம். செய்தார்கள். அந்த வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

காரணம், நான் ஓடுகிறவள். நாற்பது வயதுக்கு மேல்தான் ஆரம்பித்தேன். காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரையை ஒட்டி ஓட்டம், பிறகு குளித்து முழுகி தி.நகரில் இருக்கும் அலுவலகத்துக்குச் சைக்கிள். ஓடுகிற நேரத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். கடுகு எங்கே, சாவி எங்கே, அந்த ஃபைல் எங்கே என்ற கேள்விகள் கிடையாது. அந்தச் சுகத்துக்காகவே ஓடினேன். எங்கள் உறவுக்காரர்களுக்கு அது முதலிலிருந்தே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது சாக்குக் கிடைத்துவிட்டது. ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டுதான் பாடினார்கள்.

கீழ்வீட்டு மாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "இந்த வயசுல ஓடிண்டும் சைக்கிள் மிதிச்சுண்டும் இருந்தா முட்டி என்னத்துக்கு ஆறது? நன்னா தேஞ்சிருக்கும்" என்றார்.

"மாமி, நான் கோலம் போட்டு விழுந்தேன்."

"கோலம் போட்டு யாராவது விழுவாளா? ஓடித்தான் போயிருக்கும். நீ ஒத்துக்க மாட்டே."

என் கணவர் பாவம், எதுவும் சொல்லவில்லை. தாங்கிப் பிடித்து நடக்க வைத்ததெல்லாம் அவர்தான். ஆனால் ஒரு நாள் மெதுவாக, "இனிமே நடந்தா போதாதா?" என்று கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமி சொன்னதற்குக் கோபம் வந்ததே தவிர அழுகை வரவில்லை.

பிசியோதெரபிக்குப் போன இடத்தில்தான் ஒருவரைப் பார்த்தேன். என் பக்கத்துக் கட்டில். என்னைவிடச் சில வயது சின்னவர், ஆள் வாட்டசாட்டம், வலது தோளில் கன்றிப்போய்க் காய்த்த ஒரு மேடு. அவருக்கும் அதே ஆபரேஷன், வலது முட்டி. ஆட்டோ ஓட்டுகிறார். உற்சவ காலத்தில் எங்கள் பக்கத்துப் பெருமாள் கோயிலில் சாமி தூக்குகிறார். வாகனத்தைக் கட்டியிருக்கும் நீண்ட கழிகளைத் தண்டு என்பார்கள். அதில் முன்வரிசையில் அவருக்கு ஓர் இடம். அவர் அப்பா நின்ற இடமாம்.

முதல் நாளே நான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "சாமி தூக்கும்போது விழுந்தீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீயுமாக்கா? வூட்டுலயும் இதையேதான் சொல்லிக்கினு கீறாங்க. பைக்ல போகசொல்ல மாடு குறுக்க வந்துச்சு, வழுக்கி வுழுந்தேன். சாமி தூக்கி எனிக்கி ஒண்ணியும் ஆவல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலம் போட்டு விழுந்த கதையை நான் சொன்னேன். அவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் அடிபட்டது ஓரிடம், பழி விழுந்தது வேறிடம். உலகத்தில் என்னை நம்புகிற ஒரே ஆள் இவர்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

அவர் குடும்பம் ஒரு காலத்தில் அடையாற்றின் கரையில் இருந்தது. கரையைக் காலி செய்தபோது ஊருக்கு வெளியே, மாடி வீடுகள் கட்டி வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பக்கத்திலேயே ஏதாவது ஒரு கோயிலில் தூக்கலாமே என்றேன். "வூடுதான் அங்க போச்சு, தோளு இங்கதான் கீது" என்றார்.

எங்களை நடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். சிரித்துக்கொண்டே உயிரை எடுப்பாள். காலை மடக்கு, நீட்டு, படி ஏறு, இறங்கு என்று மாதக்கணக்கில் வதைத்தாள். அவர் வீட்டில் பயிற்சி செய்யாமலே செய்தேன் என்று புளுகுவார். முட்டி காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக் காலில் குதிக்கும் கட்டம் வந்தபோது அவள் தரையில் சாக்கட்டியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள். பார்த்தால் பாண்டி. சின்ன வயதில் நாங்கள் தெருவில் நொண்டியடித்து விளையாடிய அதே பாண்டி.

"இன்னாம்மா இது, பொம்பளப் பசங்க ஆட்டம்" என்று அவர் பின்வாங்கினார்.

நான் இறங்கினேன். ஆபரேஷன் செய்த காலில் முதல் கட்டத்துக்குள் குதிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் ஐம்பதை நெருங்குகிறவளாக இருந்தாலும் பாண்டியில் என்னை யாரும் தோற்கடிக்க முடியாது, அது வேறு விஷயம். கோடு மிதிக்காமல் போய்த் திரும்பினேன். அவர் இரண்டாவது கட்டத்திலேயே கோட்டை மிதித்துவிட்டு, கோடு கோணலாகப் போட்டிருக்கிறது என்று சண்டைக்குப் போனார்.

சைக்கிளுக்கு முதலில் அனுமதி கிடைத்தது. ஆனந்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் நிற்கும்போதுதான் வினை. வண்டியை நிறுத்தினால் என் இடது கால்தான் தரையில் ஊன்றும், அப்படியே பழகிவிட்டது. அந்தக் காலை நம்பி உடம்பை இறக்க மனசு வரவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? நிற்கவே தேவையில்லாத பாதையாகக் கண்டுபிடித்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தின் உள் தெருக்களில் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றி வந்தேன். கோயில் பிராகாரத்தை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிற மாதிரி. அங்கே இஸ்திரி போடுகிறவர் பல நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எந்த வூடும்மா தேடுற? தெனம் சுத்துறியே" என்று கேட்டேவிட்டார். வெட்கத்தில் அன்றைக்கு முதல் முறையாக வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினேன். ஊன்றிவிட்டுத்தான் கவனித்தேன், இடது காலை. கால் ஒன்றும் ஆகாமல் நின்றது. அந்த வாரமே தி.நகர் வரைக்கும் மிதித்துப் போனேன்.

சைக்கிள் வந்துவிட்டது. ஓட்டம் வரவில்லை.

ஆவணி மாதமே ஓடலாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாப் பரிசோதனையும் தேறிவிட்டேன். "மேம், இனிமே நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் ஓடணும்" என்றாள் அந்தப் பெண். புது ஷூ வாங்கினேன். காலையில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். வேகமாக நடப்பேன். இதோ அந்த விளக்குக் கம்பத்திலிருந்து ஓடலாம் என்று நினைப்பேன். கம்பம் வரும், உள்ளே அந்த 'டப்' சத்தம் கேட்கும், நடந்தே தாண்டிவிடுவேன். அடுத்த கம்பம். அதற்கடுத்த கம்பம். பிறகு வீட்டுக்குத் திரும்பி, வேர்க்காத பனியனைத் துவைக்கப் போடுவேன். என் கூட ஓடியவர்கள் எதிரில் வந்தால் ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

மழைக்காலம் போய், தை போய், மாசியும் போய்விட்டது. பயம் தானாகப் போகட்டும், அப்புறம் ஓடிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அது போவதாகக் காணோம். இனிமேல் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் நிஜமாகவே மனசைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

அந்தச் சித்திரையில் அவரிடமிருந்து போன் வந்தது. "யக்கா, நாளைக்கி குதிர வாகனம். தண்டுக்குப் போறேன். நீ வந்து நில்லு" என்றார்.

தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். சொல்லிவிட்டாராம். தோளில் மணல் மூட்டை வைத்துப் படியேறியெல்லாம் பழகியாகிவிட்டதாம். ஆனால் அந்த உற்சவத்தில் முதல் நாளிலிருந்து தண்டுக்கு அருகில் போவாராம், பிறகு யாரையாவது தன் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, வாகனம் நிற்கும்போது முட்டுக் கொடுக்கிற கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடுவாராம். "வூட்டுல யாருக்கும் சொல்லல. சொன்னா பொண்டாட்டி வந்து தண்டப் புடிச்சிக்கினு உடாது. உனிக்கிதான் தெரியும்" என்றார். அந்தக் குரலில் வழக்கமான அலட்டல் இல்லை.

குதிரை வாகனத்தன்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெருமாள் குதிரைமேல் நிதானமாக வருவார். அகலமான தெரு வந்ததும், நிஜக் குதிரை பாய்கிற மாதிரி, தூக்குகிறவர்கள் வாகனத்தோடு ஓடுவார்கள். ஓடி நின்று, பின்பக்கமாகவே நடந்து பழைய இடத்துக்கு வந்து, மறுபடி ஓடுவார்கள். வையாளி என்று பெயர். வருஷா வருஷம் மாமியோடு மாடியிலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான் நான். தெருவில் இறங்கி நின்றதில்லை.

அன்றைக்கு நின்றேன். வெயில் தாழ்ந்து, தார் ரோடு இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. சாமிக்கு முன்னால் செருப்போடு நிற்க வேண்டாம் என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நல்ல நாளாயிற்றே என்று கெட்டிக் கரை வைத்த காட்டன் புடவை வேறு. அவர் முகம் எனக்குத் தெரிய வேண்டும், என் முகம் அவருக்குத் தெரிய வேண்டும் என்று கூட்டத்தில் இடித்துப் பிடித்து நடு ரோட்டுக்கு, வாகனத்துக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

அவர் தண்டுக்கு அருகில் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்து தோள் கொடுத்தார். வாகனம் எழும்பியது. அவர் கண் என்னைத்தான் தேடியது. முகம் வெளுத்துக் கிடந்தது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

மேளம் திடீரென்று வேகம் எடுத்தது. யாரோ "ஓரம், ஓரம்" என்று கத்தினார்கள். என் முன்னால் நின்றவர்கள் சட்டென்று திரும்பி என்னை நோக்கி ஓடி வந்தார்கள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. குதிரை ஓடும். நான் நிற்கிற பக்கமாகத்தான் ஓடும். ஒதுங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் பைக்கும் ஆட்டோவும் ஜனமுமாக அடைத்திருந்தது. அத்தனை பெரிய குதிரை, அதன்மேல் குடையோடு பெருமாள், கீழே ஆளும் காலுமாக ஆடிக்கொண்டு என்மேல் பாய்ந்து வருகிறது. கொசுவத்தை இரண்டு கையாலும் வாரிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முதல் இரண்டு அடி இடது காலை வைக்காமல் கோழி மாதிரி தத்தினேன். அது நடக்கிற காரியமா? பின்னாலிருந்து ஒருவர் முதுகில் மோதினார். இடது கால் தரையில் விழுந்தது. விழுந்து, தாங்கி, என்னைத் தூக்கிவிட்டது. மறுபடி விழுந்தது, மறுபடி தாங்கியது. "பெருமாளே, பெருமாளே" என்று வாய் விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பக்தியால் இல்லை, பயத்தால். மேளம் நின்றபோது நானும் நின்றேன். மூச்சு வாங்கியது. குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. முட்டி அதுபாட்டுக்கு இருந்தது.

திரும்பினால் குதிரை எனக்குச் சற்றுப் பின்னால் நின்றிருந்தது. தண்டுக்குக் கீழே அவர் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார். நிமிர முடியாதே, கண்ணை மட்டும் மேலே தூக்கி என்னைப் பார்த்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அந்தக் கூட்டத்தில் அதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நன்றாகவே அழுதேன்.

வாகனம் மெதுவாகப் பின்னால் நகர்ந்து பழைய இடத்துக்குப் போனது. கூட்டமும் கூடவே போனது. கோயில்காரர் ஒருவர் என் வயதைப் பார்த்து, "அம்மா, நீங்க இப்படி மேல ஏறி நின்னுக்குங்க" என்று மூடியிருந்த ஒரு கடையின் படியைக் காட்டினார். வசதியான இடம். ஏறி நின்றேன். அங்கிருந்து எல்லாமே நன்றாகத் தெரிந்தது. வந்த வேலை முடிந்தது, பிழைத்துக்கொண்டோம், இனி பத்திரமாக நின்று சேவித்துவிட்டுப் போகலாம்.

மேளம் மெல்ல ஆரம்பித்தது. அவர் தண்டுக்கடியிலிருந்து எதிரே பார்த்தார். நான் நின்ற இடத்தில் நான் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர் கண் அலைந்தது. முகத்தில் அந்தப் பழைய வெளுப்பு திரும்பி வருவது படியிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

இறங்கினேன். யாரும் தள்ளவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஒதுங்க இடமும் இருந்தது. படியிலிருந்து இடது காலை வைத்தே இறங்கி, நடு ரோட்டுக்குப் போய், கொசுவத்தை முன்கூட்டியே தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு நேரே நின்றேன். அவர் பார்த்துவிட்டார். மேளம் வேகம் பிடித்தது. இந்த முறை நான் தத்தவில்லை. வெறுங்காலில், சுடுகிற ரோட்டில், என் பழைய ஓட்டம் ஓடினேன். பக்கத்தில் ஓடிய ஒரு பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி செம்ம" என்றான். பின்னால் தவில் இடித்தது, ஆட்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதில் ஒரு மூச்சு அவருடையது. மூன்றாவது முறையும் ஓடினேன். அதற்கு மேல் அவர்கள் ஓடவில்லை. ஓடியிருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

எல்லாம் முடிந்து, வாகனத்தை இறக்கி வைத்த பிறகு, அவர் என்னைத் தேடி வந்தார். கையில் இரண்டு டம்ளர் பானகம். அந்தக் கடைப் படியிலேயே இருவரும் உட்கார்ந்தோம். தோள் சிவந்து தடித்திருந்தது.

"எப்படி இருந்தது தம்பி?" என்று கேட்டேன்.

"மெய்யாலுமே பயந்துட்டேங்க்கா. என் காலு மட்டும்னா போனா போவுதுன்னு உட்ருவேன். நானு மடிஞ்சா தண்டு சாயும், பின்னால கீறவன் மேல மொத்தமும் எறங்கும். அத நெனச்சிதான் இத்தினி நாளா நவுந்துகினேன்" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னிக்கும் நவுந்துருப்பேன். எதுர்ல பாத்தா நீ பொடவையத் தூக்கிக்கினு கோழி கணக்கா ஓட்ற. சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சிக்கினே ஓடிட்டேன். அப்பால பாத்தா ஓடி முடிச்சிக்கினு நிக்கிறேன்" என்றார்.

அவர் தைரியமாக ஓடியதைப் பார்த்துத்தான் நான் மறுபடி ஓடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ நான் பயந்து தத்தியதைப் பார்த்துத் தைரியம் வந்தவர். நான் நினைத்த அந்தத் தைரியம் இரண்டு பேரிடமுமே இருக்கவில்லை. அப்படியும் மூன்று முறை ஓடியிருக்கிறோம்.

மறுநாள் காலை ஷூ மாட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் போனேன். கொஞ்ச தூரம்தான் ஓடினேன், அதையும் நின்று நின்றுதான். எதிரே வந்த என் பழைய கூட்டாளிகளைப் பார்த்துக் கையசைத்தேன். அவர் இப்போது உற்சவம் தவறாமல் தன் இடத்தில் தோள் கொடுக்கிறார். மாமி இன்றைக்கும் நான் வெளியே கிளம்பும்போதெல்லாம், "போறியா? போ, போ, மறுபடியும் படுத்துக்கோ" என்கிறார்.

இப்போதும் ஒவ்வொரு நாளும் முதல் அடி வைக்கும்போது அந்தப் பயம் என் கூடவே கிளம்புகிறது. அது போன பிறகு ஓடிக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் இன்னும் கம்பம் கம்பமாக நடந்துகொண்டுதான் இருப்பேன். பயந்துகொண்டே ஓடினாலும் கால் தாங்கும் என்பதும், அப்படி ஓடுகிறவளைப் பார்த்துக்கூட எங்கோ ஒருவர் தோள் கொடுக்கத் துணியலாம் என்பதும் அந்தச் சாயங்காலம் எனக்குக் கிடைத்தவை.